பழைய சோறா, புரதப் பொடியா? சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒரு தம்பிக்கு

தம்பி கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். வயது 38, எடை 74 கிலோ. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்பு) வீடு. அங்கிருந்து 11 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆலைக்கு நான்கு மாதமாக மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மிதிவண்டியில் போய்வருகிறார். காலை 6.15க்கு வெறும் வயிற்றோடு கிளம்புகிறார். ஆலை வாசலில் ஒரு தே தாரேக் (கெட்டிப்பால் தேநீர்). பத்து மணிக்குக் கை நடுங்குகிறது. ஓய்வு நேரத்தில் இரண்டு ரொட்டி சானாய் (பரோட்டா) உள்ளே போகிறது. கிளினிக்கில் எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எண்) 6.1 விழுக்காடு. சோறு விஷம், 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) புரதப் பொடி வாங்கு, பையில் சர்க்கரைச் சத்து ஜெல் வைத்துக்கொள் என்கிறார்கள் கூட வேலை செய்கிறவர்கள். வீட்டிலோ விடியற்காலையில் அம்மா பழைய சோற்றைக் கரைத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். "வீட்டுச் சாப்பாடு போதுமா?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் "அம்மாவிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது?" என்றும் எழுதியிருக்கிறார்.

என் கண் அந்தக் கடைசி வரியில்தான் நின்றது. எதைத் தின்பது என்ற பட்டியலைவிட, உடற்பயிற்சி செய்கிற ஆளுக்குத் தன் வீட்டு அடுப்பில் வேகிறது தகுதியான உணவுதானா என்ற சந்தேகமே இங்கே பெரியது. நான் 26 ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனைகளில் உணவியல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். சைக்கிளும் ஓட்டுவேன், சந்தைக்கும் கோயிலுக்கும், சில ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் தூரமும். பந்தய வீரர்களுக்குச் சமையல் குறிப்புச் சொல்லும் படிப்பு என்னிடம் இல்லை. இனிப்புநீர் (நீரிழிவு) வந்தவர்களின் தட்டையும், வரப்போகிறவர்களின் தட்டையும் பார்த்த அனுபவம் நிறைய உண்டு. அந்த அளவில் சொல்கிறேன்: உங்கள் வீட்டுப் பானையில் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. கடிகாரத்திலும் அகப்பையிலும்தான் கொஞ்சம் கை வைக்க வேண்டும்.

முதலில் செலவைக் கணக்குப் பார்ப்போம். 74 கிலோ ஆள் சமதரையில் 11 கிலோமீட்டரை நாற்பது நிமிடத்துக்குள் மிதித்தால் ஏறத்தாழ 250 முதல் 300 கலோரி செலவாகும். எதிர்க்காற்று, மேடு, டயரில் காற்றுக் குறைவு எல்லாம் அதைக் கூட்டும். எனவே இது மதிப்பீடுதான். ஆனால் ஒரு ரொட்டி சானாயே ஏறக்குறைய 300 கலோரி என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தே தாரேக் ஒரு குவளை, கடைக்காரர் ஊற்றும் கெட்டிப்பாலைப் பொறுத்து, 150 கலோரியைச் சாதாரணமாகத் தொடும். ஆக, காலையில் மிதித்துச் செலவழித்ததை ஒரு ரொட்டியும் ஒரு தேநீரும் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. நீங்கள் இரண்டு ரொட்டி சாப்பிடுகிறீர்கள். "சைக்கிள் ஓட்டுகிறேனே, எடை ஏன் இறங்கவில்லை?" என்று கிளினிக்கில் என்னிடம் கேட்டவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கில்தான் வழுக்கினார்கள்.

நாற்பது நிமிடப் பயணத்துக்குத் தனி எரிபொருள் எதுவும் வேண்டாம் என்பது உறுதியான விஷயம். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், ஈரலில் சுமார் 100 கிராம். இரவெல்லாம் தூங்கி எழும்போது ஈரலில் இருப்பதுதான் பெரிதும் கரைந்திருக்கும். தசையில் இருப்பது அப்படியே இருக்கும். அதை வைத்து நிதானமாக ஒரு மணி நேரத்துக்கு மேலேயே மிதிக்கலாம். ஆகவே வெறும் வயிற்றில் ஆலைக்குப் போய்ச் சேர்வது ஆபத்தில்லை. சிக்கல் போய்ச் சேர்ந்த பிறகு தொடங்குகிறது. முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் காலை பத்து மணிவரை பசியாறவில்லை என்றால் பதினான்கு மணி நேரம், நடுவே உடலுழைப்பு, நடுவே சர்க்கரையும் கஃபீனும் மட்டும் கலந்த ஒரு குவளை. கை நடுங்காமல் என்ன செய்யும்?

இருந்தாலும் அந்த நடுக்கம் பசிதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இனிப்புநீர் மாத்திரை எதுவும் எடுக்காத ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை உண்மையாகவே அபாய அளவுக்கு இறங்குவது அரிது. பெரும்பாலும் அது பசி, தேநீர், தூக்கக் குறைவு மூன்றும் சேர்ந்த கூத்தாக இருக்கும். தைராய்டு போன்ற வேறு காரணங்களும் உண்டு. இதை ஊகிப்பதைவிட அளந்துவிடலாம். யாரிடமாவது சர்க்கரை பார்க்கும் கருவியை இரவல் வாங்கி, நடுங்கும் அந்த நிமிடத்திலேயே விரலில் குத்திப் பாருங்கள். லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால் எண்ணைக் குறித்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாதாரண அளவு காட்டியும், நான் கீழே சொல்லும் பசியாறலை (காலை உணவை) இரண்டு வாரம் கடைப்பிடித்தும் நடுக்கம் நிற்காவிட்டால், அப்போதும் பார்க்க வேண்டும்.

"வெறும் வயிற்றில் ஓட்டினால் கொழுப்புக் கரையும்" என்று உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஓட்டும் அந்த நேரத்தில் உடம்பு கொழுப்பைக் கூடுதலாக எரிக்கிறது. ஆனால் நாள் முழுவதும் உள்ளே போகும் கலோரி ஒன்றாகவே இருந்தால், சில வாரங்கள் கழித்துத் தராசு பெரிய வித்தியாசம் காட்டுவதாக உறுதிப்படவில்லை. வெறும் வயிற்றில் போவது உங்களுக்குச் சுகமாக இருந்தால் போங்கள். அதற்குப் புண்ணியம் கிடையாது.

நான் என்ன செய்யச் சொல்வேன் என்றால், பசியாறலை இரண்டாக உடையுங்கள். கிளம்புமுன் ஒரு சிறு வாய்: ஒரு பீசாங் மாஸ் (சிறு வாழைப்பழம்), அல்லது ஒரு இட்லி, அல்லது அம்மாவின் பழைய சோற்றில் ஒரு சிறு கிண்ணம். ஆலையில் இறங்கி முகம் கழுவிய கையோடு, வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் கிடைத்தால் மீதியைச் சாப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் முதல் ஓய்வில். அதற்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டும். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்கள் இந்த இடத்தில்தான் சலித்துப்போய்க் கடைக்குத் திரும்புகிறார்கள்.

சைக்கிளில் எதையும் தளும்பத் தளும்பக் கொண்டு போக முடியாது. நான் ஒருமுறை சாம்பாரைத் தூக்கில் ஊற்றி முதுகுப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அந்தப் பையின் அடியில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறது. தோசை இரண்டு மணி நேரத்தில் தோல்செருப்பாகிவிடும். தாங்குவது இட்லிதான். அதையும் சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்துக் கொழகொழத்துவிடும். வாழை இலையை அடுப்புத் தணலில் ஒரு வாட்டு வாட்டி, இட்லியை ஆறவிட்டு, மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரு பக்கமும் தடவி, இரண்டிரண்டாக அடுக்கிக் கட்டுங்கள். எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும், குளிப்பாட்ட வேண்டாம். தேங்காய்ச் சட்டினி கூடவே கூடாது. நம் வெயிலில் தேங்காயும் தேங்காய்ப்பாலும்தான் முதலில் கெடும். நாசி லெமாக்கும் அதே சாதி. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் அதைவிடத் தாங்கும். எதுவானாலும் சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். இத்துடன் அவித்த முட்டை இரண்டு, ஓட்டோடு. ஓட்டை உரிக்காமல் கொண்டுபோவதற்குக் காரணம் சுத்தம் மட்டும் இல்லை. மூடிய டப்பாவில் உரித்த முட்டையின் வாடை உங்களைப் பணியிடத்தில் பிரபலமாக்கிவிடும்.

மூன்று இட்லியும் இரண்டு முட்டையும் சேர்ந்தால் ஏறத்தாழ 300 கலோரி. புரதம் 18 கிராம் அளவில். இரண்டு ரொட்டி சானாயில் பாதிக் கலோரிதான், வயிறோ மதியம்வரை தாங்கும்.

இனி அந்த 180 வெள்ளி டப்பா. சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் புரதம் அடிப்படைத் தேவை. தொடர்ந்து நீண்ட நேரம் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.2 கிராமும் அதற்கு மேலும் சொல்கிறார்கள். உங்களுக்கு அது நாளொன்றுக்கு 60 முதல் 90 கிராம். வீட்டில் எண்ணிப் பார்க்கலாம். இரண்டு முட்டையில் 12. நடுத்தரமான ஒரு கெம்போங் மீனின் சதையில் 20 அளவில். இரவில் ஒரு துண்டுக் கோழி இன்னொரு 20. ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் 10. அதே எடைத் தெம்பேயிலும் (நொதித்த சோயா) ஏறக்குறைய அவ்வளவே. ஒரு கிண்ணம் தயிரில் 5. சோறும் இட்லியும் சேர்ந்து பத்துக்கு மேல் தரும். மாவுச்சத்தில் புரதமே இல்லை என்று நினைப்பது பிழை. 75ஐ எளிதாகத் தாண்டிவிட்டது. பொடி கெடுதல் என்று நான் சொல்லவில்லை. சாப்பிட நேரமே இல்லாதவருக்கு, சவைக்க முடியாத நோயாளிக்கு, அது வசதி. உங்களுக்கு அது மீன் வாங்கும் காசு.

ஆனால் ஒன்று. நம் வீடுகளில் பருப்புச் சமைக்கிறோம் என்ற நம்பிக்கையில் ஒரு ஓட்டை இருக்கிறது. வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம் உண்டு என்பது சரி. நம் சாம்பாரில் அந்தப் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறதே! கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, புளித்தண்ணீர், நடுவே மேகம்போல் கொஞ்சம் பருப்பு. ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு கைப்பிடிப் பருப்புப் போடுவதை நானே எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதைப் புரதக் கணக்கில் எழுதாதீர்கள். வாரத்தில் மூன்று நாளாவது பருப்பைக் கெட்டியாகக் கடையச் சொல்லுங்கள். கொறிப்பதற்குக் கையில் ஏதாவது வேண்டுமென்றால் ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்யும் நம் ஆட்களின் வறுத்த கடலையே போதும்; உப்புக் குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

சோறு விஷமா? இதற்கு நான் ரப்பர் தோட்டத்துக்குப் போய்த்தான் பதில் சொல்ல முடியும். என் அம்மா பால் வெட்டினார். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டோடு பெரட்டுக் களத்தில் (ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) நிற்பார்கள். கிளம்புமுன் பழைய சோறு, சின்ன வெங்காயம், இருந்தால் கருவாடு. பிறகு நானூறு ஐந்நூறு மரம், பால் வாளி, மேடு பள்ளம். அந்தச் சோறு மதியத்துக்குள் உடம்பில் இருந்த இடம் தெரியாது. நாங்கள் படித்து, தாமானுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தோம். தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் தோட்டத்திலிருந்து எங்கள் கூடவே வந்துவிட்டது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் அது 31 விழுக்காட்டைத் தொட்டது. இதற்குச் சோறு மட்டும் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரம்பரை, வயிற்றுச் சதை, சர்க்கரை பானங்கள், அசையாத வாழ்க்கை எல்லாம் உண்டு. எது எவ்வளவு என்று ஒரு தனி ஆளுக்குப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

உங்கள் 6.1 அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல. பல நாடுகளில் 6.5 என்று வைத்திருக்கும் இனிப்புநீர் எல்லையை மலேசிய வழிகாட்டி 6.3 என்று வைத்திருக்கிறது. 5.7 முதல் 6.2 வரை இனிப்புநீருக்கு முன்நிலை. நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்கள். நல்ல செய்தி என்னவென்றால், மிதிக்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. ஓட்டி முடித்த பிறகும் பல மணி நேரம், சிலருக்கு மறுநாள்வரைகூட, இன்சுலினுக்கு உடம்பு நன்றாகச் செவிசாய்க்கிறது. ஆகவே சோற்றை நிறுத்துவதைவிட இடம் மாற்றுவது எனக்குப் பிடித்த வழி. உழைப்பு இருக்கும் பகலில் சோறு, உழைப்பு முடிந்த இரவில் பாதி அகப்பை. தட்டின் அளவுக்குச் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரு' முறை போதும்: கால் தட்டுச் சோறு, கால் தட்டு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, அரைத் தட்டுக் காய்கறியும் பழமும். கங்கோங், கீரை, முருங்கைக்கீரை, பயற்றங்காய், வெள்ளரி என்று அந்த அரைத் தட்டை நிரப்ப ஈராயிரம் வழி. உருளைக்கிழங்குப் பிரட்டல் அந்த அரையில் சேராது; அது சோற்றின் தம்பி. தே தாரேக்கைப் பொறுத்தவரை நான் கறார்: வாரத்துக்கு ஒன்று இரண்டு, மற்ற நாள் சீனியில்லாத தேநீர். சைக்கிளைக் காட்டி அதற்கு மன்னிப்பு வாங்க முடியாது.

மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்து திரும்பும்போது பசித்தால் ஒரு பழமும் ஒரு கைப்பிடிக் கடலையும். பசியோடு வீடு சேர்கிறவர்தான் அடுப்படியில் நின்றுகொண்டே கால் பானையைக் காலி செய்கிறவர். மழை பிடித்து ஆலையில் மாட்டிக்கொள்ளும் நாட்களுக்கும் அந்தக் கடலை உதவும்.

ஜெல் பற்றியும் கேட்டீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்குத் தண்ணீர் போதும். ஒரு மணிக்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு உணவியலில் வழக்கமான அளவு. அது ஜெல்லாக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை; ஒரு பீசாங் மாஸ் பன்னிரண்டு பதினைந்து கிராம் தரும், இட்லியும் அப்படியே. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தின இரவு விரதம் முடிந்த கையோடு, வெறும் தண்ணீரை எடுத்துக்கொண்டு குவாலா கங்சாருக்குப் போனேன். திரும்பும்போது ஓர் இடத்தில் காலுக்குச் சொல்வது காலுக்குக் கேட்கவில்லை. கண் மங்கியது. செம்பனை மரங்களுக்கு அருகே ஒரு சிறு பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் தன் பாட்டிலிலிருந்து சீனி போட்ட கோப்பியை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். பிறகு இரண்டு பிஸ்கெட். கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டேன். உணவியல் அதிகாரி என்று அவரிடம் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

தண்ணீர் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு விடுமுறை நாளில் ஓட்டுமுன்னும் ஓட்டிய பின்னும், வியர்வைத் துணியைக் களைந்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். மலேசியப் பெரியவர்கள் சராசரியாக நாளுக்கு 8 கிராமை ஒட்டி உப்புச் சாப்பிடுகிறோம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 5க்குக் கீழே. கருவாடும் ஊறுகாயும் இருக்கும் வீட்டில் நாற்பது நிமிட வியர்வைக்கு உப்புப் பானம் தேவையில்லை.

கடைசியாகப் பழைய சோறு. இரவெல்லாம் ஊறினால் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுகிறது என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். நொதிப்பதால் புதிதாக உண்டாகாது. புளிப்பதால் அரிசியில் இருக்கும் இரும்பு உடம்பில் ஒட்டுவது எளிதாகலாம், அவ்வளவே. ஆறிய சோற்றில் ஒரு பகுதி மாவுச்சத்துச் செரிக்காத வகையாக மாறுகிறது என்பதும் உண்மை. அதனால் சர்க்கரை எவ்வளவு குறைவாக ஏறும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, அளவுதான் பேசும். கவனம் வேண்டியது வேறு இடத்தில்: சோற்றில் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாகாமல் இருக்கும், வெதுவெதுப்பில் பெருகும், அது விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எனவே வடித்த சோற்றை நாளெல்லாம் திறந்து வைத்திருந்துவிட்டு இரவில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆறியதும் சுத்தமான நீரில் மூழ்க ஊற்றி மூடி, மறுநாள் காலையிலேயே முடித்துவிட வேண்டும். இதமான புளிப்பு மணம் இருக்கலாம். கொழகொழப்போ துர்நாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

மாத்திரையோ இன்சுலினோ இனிமேல் தொடங்கினால் மேலே சொன்ன நேரக் கணக்கு எல்லாவற்றையும் மருத்துவரிடம் திரும்பக் கேட்க வேண்டும். அந்த நிலையில் வெறும் வயிற்றுச் சைக்கிள் வேறு கதை, அதற்கு எழுத்தில் பதில் சொல்ல எனக்கு உரிமையில்லை. இப்போதைக்கு அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, தம்பி. கிண்ணத்தை மட்டும் சின்னதாக மாற்றச் சொல்லுங்கள். சோறு இரண்டு கைப்பிடி, தயிர் நிறைய, சின்ன வெங்காயம் நான்கு, எண்ணெய் இல்லாமல் வறுத்த நெத்திலி கொஞ்சம். நெத்திலியை முன்னதாகத் தண்ணீரில் அலசினால் உப்பு இறங்கும். அது அவருக்கே தெரிந்திருக்கும்.